நன்றி அறிவிப்பு இருக்கட்டும், உத்தரவாதம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் 'புனித யூதா ததேயுவுக்கு நன்றி' என்ற அறிவிப்பு அவ்வப்போது வெளிவருகிறது. வேலையோ குழந்தைப்பேறோ கிடைத்த ஒருவர் தம் பொருத்தனையை நிறைவேற்றுகிறார் என்ற அளவில் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், செபத்தை நாளொன்றுக்கு ஒன்பது முறை சொன்னால் எட்டாம் நாளுக்குள் கேட்டது கிடைக்கும், இதுவரை பொய்த்ததே இல்லை என்ற வாசகமும் அண்மைக் காலமாக அதனுடன் சேர்ந்து அச்சாகிறது. அதைக் குறித்தே எழுதுகிறேன்.

மகனின் சிறுநீரகம் பழுதானபோது இந்தச் செபம் அச்சிட்ட தாளையே நம்பியிருந்த எங்கள் ஆலயப் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், அவன் இறந்து ஆண்டுகள் கடந்த பின்னும், தாளில் கண்டபடி ஒன்பது நகல் எடுத்துக் கோவிலில் வைக்காததால்தான் இப்படி ஆயிற்றோ என்று கேட்டு அழுகிறார். பங்குத்தந்தை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், அச்சில் வந்த வரியைத்தான் அவர் நம்புகிறார்.

உள்ளத்தின் நிலையைக் கருதாமல், வெளிச்சடங்கினால் மட்டுமே செபம் பலித்துவிடும் என்று எண்ணுவது மூடநம்பிக்கை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (பத்தி 2111) கூறுகிறது. ஆண்டவரின் விண்ணேற்றத்துக்குப் பின், தூய ஆவியின் வருகைக்காக அன்னை மரியாவும் சீடர்களும் காத்திருந்து வேண்டிய நாள்களை நினைவூட்டுவது நவநாள் என்னும் இந்த ஒன்பது நாள் செபம். அது தவணைக் கணக்கு அன்று.

இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரே தமக்கும் வாய்த்ததால் பலரும் நாடாமல் விட்ட திருத்தூதர் என்பதும், அதனாலேயே வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்குத் துணையானவர் என்பதும் யூதா ததேயுவைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுபவை. நற்செய்தியாளர் யோவானும் 'இஸ்காரியோத்து யூதா அல்ல' என்று பிரித்துக் காட்டிவிட்டே இவரைப் பேச விடுகிறார் (14:22). நற்செய்திகளில் இவர் பேசுவது அந்த ஓரிடத்தில்தான். அங்கும் இவர் தமக்கென எதையும் கேட்கவில்லை, உம்மை உலகுக்கு வெளிப்படுத்தாமல் எங்களுக்கு மட்டும் வெளிப்படுத்துவது ஏன் என்றே இயேசுவிடம் கேட்கிறார்.

நேர்ச்சை எப்படி நிறைவேறலாம் என்பதற்கும் சான்று உண்டு. பிழைப்புக்கு வழி தெரியாமல் தவித்த நாளில் இப்புனிதரிடம் வேண்டிக்கொண்ட அமெரிக்க நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ், பின்னாளில் அவர் பெயரில் குழந்தைகளுக்கான ஆராய்ச்சி மருத்துவமனையை நிறுவினார். மெம்பிஸ் நகரில் 1962-இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்களிடம் இன்றளவும் கட்டணம் கேட்பதில்லை.

அக்டோபர் 28 புனித யூதா ததேயுவின் திருநாள். அதையொட்டி இத்தகைய விளம்பரங்கள் கூடுதலாக வரும். நன்றி தெரிவிக்கும் வரியை மட்டும் ஏற்றுக்கொண்டு, நாள் குறித்து உத்தரவாதம் தரும் வரிகளையும், நகல் எடுக்கச் சொல்லும் கட்டளைகளையும் நீக்கிவிடுமாறு விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.