கைப்பேசிப் பங்குகளும் ஓர் அம்மாளின் சேமநிதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைக் கத்தரித்து மடித்து எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மாலை ஓர் இளைஞர் என் கடைக்கு வந்தார். கைப்பேசித் தொழில்நுட்பச் சந்தை மேலும் வளரும், முதலீட்டாளர்கள் நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அவருடைய தாயார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பிறகு செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். அந்த அம்மாளின் ஓய்வுக்காலச் சேமநிதிப் பணம் 15,000 வெள்ளி (ரிங்கிட்) வங்கியில் இருக்கிறது. "இதைக் கைப்பேசிக் கம்பெனிப் பங்குகளில் போடலாமா அக்கா? நீங்கள் இந்தத் தொழிலிலேயே இருக்கிறீர்களே" என்று கேட்டார்.

சுங்கை சிப்புட்டில் 22 வருடமாகக் கைப்பேசி விற்று, பழுதுபார்த்து வருகிறேன். அவரிடம் சொன்னதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

நான் கடை திறந்தபோது வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்டது நோக்கியா. 2007இல் அந்த நிறுவனம் உலகமெங்கும் 400 மில்லியனுக்கும் அதிகமான கைப்பேசிகளை விற்றது. அதே ஆண்டில்தான் ஐபோன் வந்தது. 2014இல் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்ட் கைக்கு மாறியது. மறு ஆண்டே மைக்ரோசாப்ட் 7.6 பில்லியன் டாலரை இழப்பாகக் கணக்கெழுதியது. நோக்கியா சரிந்த அந்த ஆண்டுகளில் திறன்பேசிச் சந்தை வளராமலா இருந்தது? ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. மரம் நன்றாகப் பால் சுரந்தது, ஆனால் பால் வேறு வாளிக்குப் போயிற்று. 2021இல் எல்ஜியும் கைப்பேசித் தொழிலை விட்டே விலகியது.

சந்தையும் எப்போதும் ஏறுமுகமாக இல்லை. ஐடிசி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2016இல் உலகச் சந்தைக்கு வந்த திறன்பேசிகள் சுமார் 1.47 பில்லியன். 2023இல் அது 1.17 பில்லியனுக்கு இறங்கி, 2024இல் 1.24 பில்லியனுக்கு ஏறியது. இதன் காரணத்தை என் மேசையிலிருந்தே பார்க்கிறேன். முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுக் கைப்பேசி கேட்டவர்கள் இப்போது பேட்டரியையும் திரையையும் மாற்றிக்கொண்டு நான்கு, ஐந்து வருடம் ஓட்டுகிறார்கள். அவர்கள் செய்வதுதான் சரி.

2021 இறுதியில் நம் மலேசியாவில் பழைய கைப்பேசிகள் இணையத்துக்கு நம்பியிருந்த 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, இணையம் வரவில்லை என்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து வயதானவர்கள் வரிசையாக வந்தார்கள். அந்தச் சில மாதங்கள் நான் விற்றதுபோல் அதற்கு முன்பும் விற்றதில்லை, பின்பும் விற்றதில்லை. அந்தக் கணக்கை மட்டும் ஒருவரிடம் காட்டியிருந்தால், கைப்பேசி வியாபாரம் வானத்துக்கே போகிறது என்று நம்பியிருப்பார். அடுத்த ஆண்டு பாதியிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. 5ஜி, செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படும் வளர்ச்சியில் எவ்வளவு நிலைக்கும், எவ்வளவு இப்படி ஒருமுறை வந்து போகும் என்பதைக் கட்டுரையாளர் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, என் அப்பாவும் பால்மரம் சீவிய கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார். எதை வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும். ஒரு மரம் எத்தனை வருடம் பால் தரும் என்பதும் தெரியும்.

அந்த இளைஞருக்கோ, பங்கு வாங்க நினைத்த நிறுவனம் கைப்பேசி செய்கிறதா, அதனுள் இருக்கும் சில்லு (சிப்) செய்கிறதா, அலைவரிசைக் கோபுரம் கட்டுகிறதா என்பதே தெரியவில்லை. கட்டுரையிலும் அது இல்லை. இவை மூன்றும் வெவ்வேறு தொழில்கள், வெவ்வேறு ஆபத்துகள்.

ஆகவே, இதே பக்கத்தில் நோக்கியாவின் கதையையும், யார் வளர்ந்தார்கள், யார் வீழ்ந்தார்கள் என்ற கணக்கையும் வெளியிட வேண்டுகிறேன். அந்த இளைஞரை இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அச்சில் வந்தால், அந்தப் பக்கத்தையும் கத்தரித்து அவர் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கைப்பேசிக் கடை நடத்தும் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்