முடி நடுறவங்க டாக்டர்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்க அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கையில முடி நட்டுக்கிட்டு வந்தான், பின்மண்டையில தோலை பட்டையா வெட்டி எடுக்கிற எஃப்யூடி முறையாம், தையல் தழும்பு ஒரு காதுலேருந்து மறு காது வரைக்கும் கோடா தெரியுது. மூணாவது வாரம் நட்ட முடி தலகாணியில கொட்டிக் கிடக்கவும் ஆச்சி அழுதுட்டாங்க. அது சகஜம்தான், வேர் உள்ள இருக்கும், மூணு நாலு மாசத்துல முளைக்க ஆரம்பிக்கும், முழுசா தெரிய ஒரு வருஷம் ஆகும், ஆனா முடி நட்ட இடத்துல யாருமே இதைச் சொல்லல, நட்டவரும் டாக்டர் இல்லையாம், டெக்னீஷியனாம்! பயிற்சி எடுத்த டாக்டர்தான் செய்யணும்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே சொல்லியாச்சு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமும் முடி நடுற இடங்களை சுகாதாரத்துறை நேர்ல வந்து பாக்கணும் ஐயா.

- ஒரு வாசகி, காரைக்குடி