நம்பி ஆடு கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

ஞாயிறு காலை திருப்போரூர்ப் பக்கம் நாம் நடத்திய மந்தை ஓட்டும் அறிமுகப் பயிற்சிக்கு வந்த 9 நாய்களும் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டன. 12 ஆடுகளும் நன்றாக மேய்கின்றன என்று நேற்று ஃபோன் வந்தது. அப்புறம்தான் எனக்கு நிம்மதி.

முதல் நன்றி ஆட்டுக்கார அண்ணனுக்கும் அண்ணிக்கும். தெருநாய்களிடம் குட்டிகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் நாய்க்கு மிரளாத ஆடுகளாகப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். மெட்ராஸ் சிவப்புச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். பல் பட்டால் நேரே தோலில் படும். முதல் சுற்றில் எல்லா நாய்க்கும் நீளக் கயிறு என்று அண்ணன் பிடிவாதமாக நின்றது எவ்வளவு சரி!

வேல்ஸில் பாலா என்ற ஊரில் 1873இல் மந்தை ஓட்டும் நாய்களுக்குப் போட்டி நடந்த கதையெல்லாம் நான் சொன்னேன். நாயின் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை, ஆடுகள் பதறாமல் நேர்கோட்டில் வர வேண்டும் என்றும் சொன்னேன். யாருக்கும் பிடிபடவில்லை. "நாயைப் பாக்காதீங்க, ஆட்டுக் காதைப் பாருங்க" என்று அண்ணன் சொன்ன பிறகே எல்லோருக்கும் விளங்கியது.

நாய் ஆடுகளைக் கடிகார முள் திசையில் சுற்ற 'கம் பை', எதிர்த்திசைக்கு 'அவே' என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். "கோயில் சுத்துற மாதிரிதானே? வலம்னு சொல்லுங்களேன்" என்றார் அண்ணி. மறுபக்கத்துக்கு 'இடம்' என்றால் இரண்டும் நாய்க்கு ஒரே ஒலியாகக் கேட்கும். எனவே 'எதிர்' என்று வைத்தோம். இனி இவைதான் நம் சொற்கள்.

அடையாறிலிருந்து ஓர் அக்கா கூட்டிவந்த பார்டர் கோலி மந்தை ஓட்டும் இனம்; ஃப்ளாட்டில் குழந்தைகளை வளைத்து ஓட்டியதற்காகத் திட்டு வாங்கியே வளர்ந்தது. மூன்றாம் சுற்றில் கயிற்றைத் தளர்த்தியதும் அகலமாக வளைந்து ஆடுகளுக்குப் பின்னால் போய், அக்காவுக்கு நேரெதிரே நின்றது. யாரும் சொல்லித்தரவில்லை. அக்கா அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

சிப்பிப்பாறை கொண்டுவந்த தம்பிக்குத் தனி நன்றி. விரட்டிப் பிடிக்கும் வேட்டை இனம் அது. முதல் நிமிடத்திலேயே நிறுத்தச் சொன்னோம். முகம் சுளிக்காமல் நாயை நிழலில் கட்டிவிட்டு, காலை முழுக்கப் பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாரம் முன்பே எல்லா நாய்க்கும் குடற்புழு மருந்து கொடுக்க வைத்த கால்நடை மருத்துவர் அம்மாவுக்கும் நன்றி. நாயின் நாடாப்புழு முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டுக்குள் போய்விடும் என்பது பலருக்கும் புதுச் செய்தி. வெயில் ஏறுமுன் எட்டரைக்கே முடிக்கச் சொன்னதும் அவர்தான்.

தரிசு நிலத்தையும் மூங்கில் தட்டிகளையும் காசு வாங்காமல் தந்த ஐயாவுக்கு வணக்கம். பள்ளம் விழுந்த வரப்பை இந்த வாரமே சரிசெய்து தருகிறோம்.

அண்ணி, அடுத்த முறை வரும்போது ஆடுகளுக்கு அகத்திக்கீரை எங்கள் பொறுப்பு.