குழி வெட்டப் பணம் வருகிறது, கழுவ வருவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளின் பசுமை வளாகங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரக்கன்று, மாடியில் சோலார், விருது வாங்கும் படம் எல்லாம் இருந்தது. அடுத்த வருஷம் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது மட்டும் இல்லை. வடசென்னைக் கல்லூரி ஒன்றில் பம்பு, மோட்டார், மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

மழைநீர் சேகரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கினார்கள். எனக்குத் தெரிந்த கல்லூரிகள் எல்லாவற்றிலும் உறிஞ்சு குழி இருக்கிறது. ஆனால் அதில் போட்ட ஜல்லியும் மணலும் சில மழைக்காலத்துக்குள் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். ஐப்பசிக்கு முன்பே ஜல்லியை வெளியே எடுத்து அலச வேண்டும், மேல் மணலை மாற்ற வேண்டும், மொட்டைமாடிக் குழாய் வாயில் சேர்ந்த சருகை அள்ள வேண்டும். பெரிய செலவில்லை, சில ஆட்கள் இருந்தால் முடிந்துவிடும் வேலை. ஆனால் குழி வெட்டத்தான் பணம் வரும், கழுவ வராது. அப்புறம் என்ன, கார்த்திகையில் வளாகத்தில் தண்ணீர் தேங்கும், சித்திரையில் டேங்கர் லாரி வந்து நிற்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை மாதிரிக் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பேறிக்கொண்டே வருகிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் அந்த உப்பு கொஞ்சமாவது தணியும்.

சோலார் தகடுகளும் அப்படித்தான். துறைமுகமும் மணலியும் எண்ணூரும் சூழ்ந்த ஊரில் தூசிக்குப் பஞ்சமில்லை. துடைக்க ஆளில்லாவிட்டால் மின்சாரம் குறையும்.

குப்பை விஷயம் இன்னும் மோசம். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் நிறுவனங்கள் ஈரக்குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. விடுதி மெஸ் நடத்தும் கல்லூரிகள் பல இந்தக் கணக்கில் வரும். கொடுங்கையூர் குப்பைக்கிடங்கின் வாடையோடு வாழும் எங்கள் பகுதிக் கல்லூரிகள் இதில் முந்தியிருக்க வேண்டாமா? பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் கையில் இருப்பது ஒரே ஒரு தள்ளுவண்டி. இரண்டு தொட்டியும் அதில்தான் கொட்டப்படும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இத்தனைக்கும் அதே கொடுங்கையூரில் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலையைக் குடிநீர் வாரியம் 2019-இல் திறந்தது. கழிவுநீரையே அந்த அளவுக்குச் சுத்தமாக்க முடிகிற ஊரில், விடுதியின் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைக் கழிப்பறைக்குத் திருப்பிவிட ஒரு குழாய் போட மனமில்லை!

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) நடத்தும் மதிப்பீட்டில், வளாகம் சுற்றுச்சூழலை எப்படிப் பேணுகிறது என்று பார்க்கும் பசுமைத் தணிக்கைக்கும் இடம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் மதிப்பீட்டுக் குழு வருகிற வாரத்தில் தொட்டிகளுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் வருஷாவருஷம் பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்க வேண்டும், அதை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. பசுமைக் குழுவில் பேராசிரியர்கள் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பம்பு இயக்குபவரையும் தூய்மைப் பணி மேற்பார்வையாளரையும் கூட உட்கார வைத்தால், எந்தக் குழி அடைத்திருக்கிறது என்பது முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.