சுட்டிக்கு மட்டும் பணியும் பொத்தான்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையப் பக்கத்தில் ஓர் உறுப்பைச் சொடுக்கினால் என்ன நிகழ வேண்டும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எழுதும் பாடம், கொழும்பில் தமிழ்மொழிமூலம் நடைபெறும் வகுப்புகளில் நான் அறிந்தவரை மிக அவசரமாகவே முடிக்கப்படுகிறது. டிவ் (div) எனும், தனக்கென எச்செயலும் இல்லாத ஒரு வெற்றுப் பெட்டியை அமைத்து, நிறமூட்டி, சொடுக்கினால் இயங்க வேண்டிய நிரலைக் குறிக்கும் ஆன்கிளிக் (onclick) பண்பை அதன் குறியிலேயே எழுதிச் சொடுக்கியதும் திரையில் செய்தி தோன்றுகிறது. பாடமும் அத்துடன் நிறைவுறுகிறது. மாணவர் பின்னர் வேலைக்குச் சென்று அமைக்கும் பக்கங்களிலும் இதே பழக்கம் தொடர்கிறது.

அதன் விளைவை அண்மையில் நேரிற் கண்டேன். விழிப்புலனற்ற என் உறவினர் ஒருவர் திரையில் உள்ளதை ஒலியாக வாசிக்கும் என்விடிஏ (NVDA) திரைவாசிப்பானின் துணையுடன் ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் கட்டணம் செலுத்த முற்பட்டார். அடுத்த உறுப்புக்கு நகர்த்தும் டேப் விசையை அழுத்த அழுத்தக் கணக்கு இலக்கம், தொகை, மின்னஞ்சல் என ஒவ்வொரு கட்டமும் ஒழுங்காக வாசிக்கப்பட்டது. அடுத்து வர வேண்டிய ‘செலுத்துக’ என்ற பச்சைப் பொத்தானைக் கடந்து, பக்கத்தின் அடியிலிருந்த தனியுரிமைக் கொள்கை இணைப்பை அம்மென்பொருள் வாசித்தது. மூல நிரலைத் திறந்து பார்த்தேன்: நிறமூட்டிய ஒரு டிவ், அதில் ஓர் ஆன்கிளிக், வேறொன்றுமில்லை. தம் பணத்தைத் தாமே செலுத்தக்கூடிய ஒருவர் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

டிவ் உறுப்பில் டேப் விசை இயல்பாக நிற்பதில்லை. என்டர் விசைக்கும் அது அசைவதில்லை. மாறாக, பட்டன் உறுப்பைப் பயன்படுத்தினால் டேப் அதில் நிற்கும், அது பொத்தான் என்பதைத் திரைவாசிப்பான் சொல்லும், என்டரோ இடைவெளி விசையோ அழுத்தப்படும்போது உலாவி தானாகவே கிளிக் நிகழ்வை எழுப்பும். ஆகவே, நிகழ்வொன்றுடன் நிரலை இணைக்கும் அட் இவென்ட் லிசினர் (addEventListener) கட்டளை மூலம் ஒருமுறை எழுதிய நிரல் சுட்டிக்கும் விரலுக்கும் விசைப்பலகைக்கும் ஒருசேரப் பயன்படுகிறது. டிவ்வுக்கு, டேப் அதில் நிற்கச் செய்யும் டேப்இன்டெக்ஸும் அது பொத்தான் என அறிவிக்கும் ரோலும் சேர்த்து, விசைகளுக்குத் தனி நிரலும் எழுதி இதே பயனைப் பெறலாம் என்பது உண்மையே; உலாவி இலவசமாகத் தருவதை அவ்வளவு பாடுபட்டுத் திரும்பக் கட்டுவானேன்?

அட் இவென்ட் லிசினர் 2000 ஆம் ஆண்டிலேயே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பின் பரிந்துரையில் இடம்பெற்றுவிட்டது. ஒரே உறுப்பின் ஆன்கிளிக் பண்புக்கு இரண்டாவது செயற்கூற்றை வழங்கினால் முதலாவது அழிந்துவிடும். அட் இவென்ட் லிசினரில் இரண்டும் இயங்கும். பட்டியலில் புதிது புதிதாகச் சேரும் பொத்தான்களுக்கெல்லாம் பட்டியலின் மீதே ஒரேயொரு லிசினரை வைத்தாலும் போதும். ஏனெனில் விசையால் எழும் கிளிக்கும் சுட்டியால் எழுவதைப் போலவே பொத்தானை உள்ளடக்கிய தாய் உறுப்பை நோக்கி மேலெழுகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் உண்டு. அவர்களது உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்றுறுதிப்படுத்தியது. விசைப்பலகையால் இயக்க முடிதல் என்பது 2008 இல் வெளிவந்த, இணைய உள்ளடக்கத்தை அனைவரும் அணுகுவதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) 2.0 வழிகாட்டியின் அடிப்படை நிலைத் தேவையாகும். எனவே, இணையத்தளம் அமைக்கப் பணம் கொடுக்கும் நிறுவனங்கள், சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் தொடக்கம் முதல் இறுதி வரை கட்டணத்தைச் செலுத்தி முடித்த பின்னரே அத்தளத்தைப் பொறுப்பேற்க வேண்டும். பயிற்றுநர்களும் கிளிக் பாடத்தின் முதல் எடுத்துக்காட்டையே பட்டன் உறுப்பில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இணைய வடிவமைப்புப் பயிற்றுநர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06