அனுமதியில் இல்லாத மாடியைப் பதிவு செய்யாதீர்கள்

வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர், பதிவுத் துறைத் தலைவர் ஆகியோருக்கு,

வணக்கம். சென்னைப் புறநகரில் ஆறு வீடுகளுக்கு அனுமதி வாங்கிய ஒரு கட்டடம். வரைபடத்தில் ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் வண்டி நிறுத்தத் தளம்), அதற்கு மேல் மூன்று தளம். நேரில் போய் எண்ணினால் நான்கு. அந்த நான்காவது தளத்து வீடு விற்பனைக்கு வர, வாங்க நினைத்த உறவினர் பத்திரக் கட்டை என்னிடம் கொடுத்தார். 30 வருட வில்லங்கச் சான்றிதழ் சுத்தம். சொத்துவரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் இருக்கிறது. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘நான்காவது தளம்’ என்று கூச்சமே இல்லாமல் எழுதி, பிரிபடாத மனைப் பங்கும் குறித்து, பதிவும் ஆகியிருக்கிறது. அரசின் ஒரு துறை அனுமதிக்காத தளத்துக்கு இன்னொரு துறை முத்திரைத் தீர்வை வாங்கியிருக்கிறது!

நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57 பிரிவுகளில், அதாவது அனுமதியில்லாத கட்டடத்தை நிறுத்து, அகற்று என்று, நாளை நோட்டீஸ் வந்தால் யார் கதவில் ஒட்டுவார்கள்? கட்டியவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போயிருப்பார். உரிமையாளராக நிற்பவர் வாங்கியவர்தான். ‘பின்னிட்டு வில்லங்கம் ஏதேனும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவேன்’ என்ற வழக்கமான வரியை வைத்துக்கொண்டு அவர் சிவில் கோர்ட்டுக்கு நடக்கலாம். பிள்ளைகள் காலத்திலாவது தீர்ப்பு வரும்.

வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா இருக்கிறதே என்பீர்கள். எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கு அதில் பதிவே தேவையில்லை. அதே எட்டு வீடு வரை, 14 மீட்டர் உயரம், 750 சதுர மீட்டருக்குள் என்றால், அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான பணிநிறைவுச் சான்றும் வேண்டாம் என்று 2024-இல் இங்கே விதி தளர்ந்தது. அந்த டிசம்பர் 17 அன்றுதான் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்றது. சான்றே கேட்காத கட்டடத்தில் வங்கி எதைச் சரிபார்க்கும்?

விதிமீறலுக்காக இடிக்கப்பட்ட நொய்டா இரட்டைக் கோபுரத்தில் வாங்கியவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர உத்தரவானது. அதேபோல் அடுக்குமாடிகள் இடிக்கப்பட்ட கேரளத்தின் மரடில் வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு. இரண்டும் உச்ச நீதிமன்றம் சொல்லிக் கிடைத்தவை. ஆறு குடும்பம் சேர்ந்து டெல்லியில் வக்கீல் வைக்கிற கதையா இது?

மனைக்கு இதைச் செய்துதானே இருக்கிறோம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவு நின்றது. பதிவுச் சட்டத்தில் அதற்கென்றே 22-ஏ பிரிவு இருக்கிறது. மாடிக்கும் அப்படி ஒன்று வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து மனைப் பங்கும் கட்டடமும் ஒரே பத்திரமாகப் பதிவாவதால் இப்போது இது சுலபம்கூட. திட்ட அனுமதி எண்ணும் அனுமதித்த தளங்களும் பத்திரத்தில் கட்டாயம் இருக்கட்டும். கட்டியவர் முதல் முறை விற்க வரும்போது அந்தத் தளம் அனுமதியில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம், 56, 57 நோட்டீஸ் போகும் அன்றே புல எண்ணோடு ஒரு நகல் சார்பதிவாளருக்கும் போய், வில்லங்கச் சான்றிதழில் ஏற வேண்டும். கோர்ட் ஜப்தி ஏறுகிறது, இது ஏறக் கூடாதா? தயவுசெய்து கட்டணம் வாங்கிக்கொண்டு மீறலை ஏற்கும் இன்னொரு வரன்முறைத் திட்டம் மட்டும் வேண்டாம். அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ, 113-சி பிரிவுகளில் இரண்டு முறை பார்த்தாயிற்று: கட்டியவர் லாபத்தோடு போய்விட்ட வீட்டுக்குக் குடியிருப்பவர் கட்டணம் கட்ட வேண்டும்.

ஏற்கெனவே அப்படிப்பட்ட தளத்தில் இருப்பவர்கள் விற்க முடியாமல் மாட்டிக்கொள்வார்களே என்றால், அது நியாயமான கேள்விதான். மறுவிற்பனையைத் தடுக்க வேண்டாம். மீறல் இன்னதென்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாங்குகிறவர் தெரிந்து, விலையைக் குறைத்துக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்