ஈரடுக்கு ரயிலின் கீழ்த்தளம்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகளைப் பார்க்க நானும் கமலாவும் கலிபோர்னியா போயிருந்தோம், போன ஞாயிறுதான் சிங்கப்பூருக்கு, தோ பாயோ வீட்டுக்குத் திரும்பினோம். உனக்கு முதலில் ரயிலைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எமரிவில்லிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு கேப்பிட்டல் காரிடார் ரயிலில் போனோம். 16 அடிக்கு மேல் உயரமான ஈரடுக்குப் பெட்டிகள். 1990களில் அந்த மாநிலமே செய்வித்தது. 'கலிபோர்னியா கார்' என்றுதான் சொல்கிறார்கள். நெடுந்தூர ரயில்களில் ஓடும் சூப்பர்லைனர் என்ற ஈரடுக்குப் பெட்டிதான் இதற்கு மாதிரி. ஆனால் அதில் பக்கத்துக்கு ஒரே கதவு, பணியாளர் கையால் திறக்க வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு ஓடும் ரயில் அடிக்கடி நிற்குமே, அதனால் இதில் பக்கத்துக்கு இரண்டு அகலமான தானியங்கிக் கதவுகள்.

தரையும் தாழ்வு. அந்தக் காலத்தில் மலேசியாவில், குளுவாங் ஸ்டேஷனில் உன் அம்மாவை ஆளுக்கொரு கை பிடித்து ரயிலில் தூக்கி ஏற்றினோமே, நினைவிருக்கிறதா? இங்கே கமலா ஒரே எட்டில் தானாக ஏறிவிட்டாள். செல்வா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரடுக்குப் பேருந்தில் மாடிக்கு ஏறுவதை அவள் விட்டு ஆறு வருடம் ஆகிறது. படி ஏற முடியாதவர்களுக்குக் கீழ்த்தளத்திலேயே இருக்கை, கழிவறை எல்லாம் இருக்கின்றன.

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போக மட்டும் மேல்தளத்தில்தான் வழி. தேநீர் வாங்க நான் ஏறிப் போனேன். இரண்டு குவளைகளையும் ஒரே கையில் இடுக்கி, மறு கையால் கம்பியைப் பிடித்தபடி அந்தக் குறுகிய படியில் இறங்கி வருவதற்குள் சட்டையெல்லாம் தேநீர். ரிச்மண்ட் தாண்டியதும் தண்டவாளம் தண்ணீரை ஒட்டியே போகிறது. மேலிருந்து விரிகுடா முழுவதும் தெரியும். கீழே அலை ஜன்னலுக்குப் பக்கத்தில். நான் கீழேயே அவளோடு உட்கார்ந்துவிட்டேன்.

நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலுக்கு இது சரிப்படாது. பெட்டிக்குப் பக்கத்துக்கு நான்கைந்து கதவுகள் இருந்தே காலை நெரிசலில் ஏறி இறங்க அந்தப் பாடு; மாடியிலிருந்து இறங்கிவர எங்கே நேரம்?

சரி, அடுத்த மாதம் உன் புது வீட்டுக்கு வரலாம் என்றிருக்கிறோம். வாசலில் எத்தனை படி என்று எழுது.

அன்புடன்,
மணியம்